அகழி வண்டல்

ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது பிராங். ஒரு மேட்டைச் சுற்றிக் கிடந்த காய்ந்த பள்ளத்தில் மண் வெட்டியதற்காகத் தயாநிதி கன்ரோன் என்கிற சுவிஸ் மாநில அரசாங்கத்துக்குக் கட்டவேண்டி வந்த காசு அது. வெட்டிய மண் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மண்ணில் காய்த்த மிளகாயைக்கூட ஆறுதலாகப் பிடுங்க முடியவில்லை. ஆனாலும் கட்டித் தீர்த்தார். கட்டியது தயாநிதி, கட்டுகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னவர் சண்முகலிங்கம்.

ஓல்டனிலிருந்து பஸ்ஸில் ஆற்றைத் தாண்டிப் போனால் ஒரு கிராமம். அதன் ஓரத்தில், சோளக் காணிகளுக்கு நடுவே, கவிழ்த்து வைத்த பெரிய சட்டி போல ஒரு மண்மேடு. மேலே சில ஓக் மரங்கள். சுற்றிவரப் பள்ளம். ஊர்ச் சனம் அதைப் 'பூர்க்லி' என்று சொல்லும். சின்னக் கோட்டை என்று அர்த்தமாம். கோட்டை என்றால் கல்லுமில்லை, மதிலுமில்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்னர் யாரோ ஒரு சின்னப் பிரபு மண்ணைக் குவித்து, உச்சியில் மரத்தால் வீடு கட்டி, சுற்றி அகழி வெட்டி இருந்தானாம். மரம் உக்கிப் போய்விட்டது. மேடும் அகழியும் மிச்சம். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அப்போது எங்களுக்கு அது மாடுகூட மேயாத ஒரு வெறும் மேடு.

மேட்டடியில் ரூடி என்ற கமக்காரரின் காணி. அதில் ஒரு துண்டைச் சண்முகலிங்கம் குத்தகைக்கு எடுத்து, பாதியைத் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தயாநிதிக்கும் எனக்கும் பிரித்துத் தந்திருந்தார். எல்லாருக்கும் அவர் சண் அண்ணை. எண்பதுகளில் வந்தவர். முதியோர் இல்லத்தில் சமையல்காரர். ஊர்க்காரரைப் போலவே உள்ளூர் ஜேர்மன் கதைப்பார். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் போகும். தயாநிதிக்குப் பூந்தோட்டக் கொம்பனியில் வேலை எடுத்துக் கொடுத்தவரும், என் வீட்டுக்கு மேல்மாடியில் தயாநிதி குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். தயாநிதியின் மனைவி ஜெயமலருக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறையும் வேண்டும்.

தயாநிதியும் ஜெயமலரும் சண்டை முடிந்த அடுத்த வருடம் வந்தவர்கள். பிள்ளை இல்லை. கையில் இருந்தது 'F' போட்ட எவ் விசா. இருக்கலாம், வேலை செய்யலாம், எல்லையைத் தாண்டக்கூடாது. ஜெயமலரின் ஒரே அக்கா யோகாம்பாள் வேறொரு பயணமுகவரோடு வெளிக்கிட்டுப் பாரிஸில் போய் இறங்கியிருந்தா. அவவுக்கு அங்கே விசாவே இல்லை. பாசலுக்குப் போய் ரெயின் மாறினால் பாரிஸ் ஒரு மத்தியானத் தூரம். முள்ளிவாய்க்காலில் பிரிந்த சகோதரிகள் அந்த மத்தியானத் தூரத்தை ரெலிபோனில் கடந்துகொண்டிருந்தார்கள்.

"பி விசா கிடைக்கட்டும்," என்பா ஜெயமலர். "அண்டைக்கே வெளிக்கிட்டுப் போய் அக்கான்ர மடியில படுக்கிறன். இவர் வந்தா வரட்டும், வராட்டி தோட்டத்துக்குத் தண்ணி விடட்டும்."

ஐந்து வருடம் முடிந்தால், எல்லை தாண்ட விடுகிற அந்தப் பி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை இருக்கவேண்டும், கடன் இருக்கக்கூடாது. அந்த ஐந்தாவது வருடம் இரண்டாயிரத்துப் பதினைந்து.

அந்தக் கோடை கொளுத்தியது. ரூடியின் சோளம் இடுப்பளவில் நின்று சுருண்டது. எங்கள் நிலம் களியும் கல்லும். எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு வெடித்தது. கத்தரி பூத்துப் பூத்துக் கொட்டியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒதுங்கவென்று தயாநிதி அகழிப் பக்கம் போனார். வழக்கமாக அங்கே சேறும் நாணலும் நுளம்பும்தான். அன்றைக்கு அடி காய்ந்து பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. குந்தியிருந்து ஒரு பாளத்தைப் பெயர்த்தார். உடைத்து மணந்து பார்த்தார். பிறகு குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். நாங்கள் பொலித்தீன் பந்தலுக்குக் கீழே இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அண்ணை, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

"என்னடா உது, சாப்பிடுற இடத்தில சாணியோ?"

"வண்டல் அண்ணை. அசல் வண்டல். எங்கட குளத்து மண் தோத்துப்போகும். நாங்கள் கடையில காசு குடுத்துச் சாக்கு மண் தூக்கிறம், இது சும்மா கிடக்கு."

"இவையளுக்கு உதின்ர அருமை தெரியாது போல," என்றா ஜெயமலர்.

தயாநிதி கிளிநொச்சிப் பக்கத்து வயற்காரர். அங்கே கோடையில் குளம் வற்றினால் ஊரே இறங்கி வண்டலை வெட்டி வயலுக்கு ஏற்றும். குளமும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். அதைக் களவு என்று எவரும் சொன்னதில்லை. வெட்ட வராமல் நின்றவனைத்தான் பஞ்சிபிடித்தவன் என்று ஏசுவார்கள். காய்ந்த பள்ளத்தில் வண்டலைக் கண்டும் பேசாமல் போவது அவருக்குப் பழக்கமில்லை.

சண் அண்ணை மேட்டைப் பார்த்தார். ரூடியின் வீட்டுப் பக்கம் பார்த்தார். பாணைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து ஆறுதலாக மென்றார்.

"ஆரையும் கேக்க வேணுமோ அண்ணை?"

"ரூடியோட நான் கதைக்கிறன். நீ வெட்டு. வெட்டுறதெண்டா என்ர பாத்திக்கும் சேத்து வெட்டு."

"உங்கட பாத்தி எங்கட ரெண்டையும் விடப் பெரிசு அண்ணை," என்றேன் நான்.

"அப்ப கனக்க வெட்டச் சொல்லு, ராசா."

எல்லாரும் சிரித்தோம்.

பார்சல் நிலையத்தில் எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை விழுந்ததால் வெட்டும்போது நான் இல்லை. வெட்டியதைப் பார்த்தேன். அது வேலை தெரிந்தவனின் வெட்டு. மேல் நாணலைச் சீவி ஒதுக்கி, படிவைத்து இறங்கி, கரிய வண்டலை மட்டும் எடுத்து, கீழே நீலக்களி தட்டியதும் நிறுத்தியிருந்தார். மழைக்கு இடியாதபடி விளிம்பைச் சரித்துத் தட்டியும் விட்டிருந்தார். சண் அண்ணை ஒற்றைச் சில்லு வண்டிலில் ஏற்றித் தள்ளினாராம்.

"இனி ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பள்ளத்தில தண்ணி நிக்கும்," என்றார் தயாநிதி. "ரூடி எங்களைக் கும்பிடுவான்."

இரண்டு கிழமையில் கத்தரி இலை கையகலமாயிற்று. காய்கள் கறுத்துத் திரண்டன. ஜெயமலர் அதில் பால்கறி வைத்து எனக்கும் ஒரு கோப்பை கீழே அனுப்பினா.

நாயோடு நடக்க வந்த யாரோ ஒருவர் அகழியில் புது வெட்டைக் கண்டு அறிவித்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கன்ரோனின் தொல்பொருள் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தா. பிராவ் எக்கர் என்று பெயர். நரைத்த தலை, சேற்றுச் சப்பாத்து. பள்ளத்தின் விளிம்பில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா, செத்தவீட்டுக்கு வந்த ஆளைப் போல. பிறகு எங்கள் பாத்திகளில் கிடந்த கறுப்பு மண்ணைப் பார்த்தா. சத்தம் போடவில்லை. இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடம், வெட்டியவர் திங்கட்கிழமை கந்தோருக்கு வந்து சொல்லவேண்டும் என்று மட்டும் சொன்னா. சண் அண்ணை முன்னுக்குப் போய், தான் விசாரித்து ஆளை அனுப்புவதாகச் சொன்னார். 'ஆளை அனுப்புகிறேன்' என்று அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண் அண்ணையும் மனைவி இராஜேஸ்வரி அக்காவும் தயாநிதி வீட்டுக்கு வந்தார்கள். ஜெயமலர் புட்டு அவித்திருந்தா. நானும் இருந்தேன்.

"தயா, எனக்கு வாற மாசம் சிற்றிசன் விசாரணை," என்று தொடங்கினார் சண் அண்ணை. "முதல்முறை தட்டிப்போனது உனக்குத் தெரியும்தானே. இந்த நேரம் என்ர பேர் விழுந்தா, இவ்வளவு காலம் இஞ்ச மாடா உழைச்சது வீண்."

"ரெண்டு பேரும்தானே வெட்டினது அண்ணை. தெரியாமல் செய்திட்டம் எண்டு சொல்லுவம்."

"அதைத்தானடா நானும் சொல்லுறன். தெரியாமல் செய்தது எண்டு நீ சொன்னா நம்புவினம். நேற்று வந்தவன், பாசையும் ஓடாது. நான் சொன்னா நம்புவினமோ?"

ஜெயமலர் அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றா. "எங்கட விசாவும் இந்த வருசம்தான் குடுக்கிறம் அண்ணை."

"அது வேற தங்கச்சி. உங்களுக்குப் பாக்கிறது வேலையும் கடனும்தான். கடன் வர நான் விடுவனோ? எவ்வளவு விழுந்தாலும் முழுக்க நான் கட்டுறன்." தயாநிதியின் மணிக்கட்டைப் பிடித்தார். "இந்தப் புட்டில கை வச்சுச் சொல்லுறன்."

"இவர் சொன்னாச் சொன்னதுதான்," என்றா இராஜேஸ்வரி அக்கா.

"வெட்டமுன்னம் ரூடியிட்டைக் கேட்டனீங்களோ?" என்று ஜெயமலர் கேட்டா.

"கேட்டன், கேட்டன். தலையாட்டினவன்."

தயாநிதி புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். கறியும் விடாமல் பிசைந்தார். கடைசியில், "சரி அண்ணை," என்றார்.

அவர்கள் போனபிறகு ஜெயமலர் கேட்டா. "ஏனப்பா ஓமெண்டனீங்கள்?"

"இந்த வீடு அவர் எடுத்துத் தந்தது. வேலையும் அவர் எடுத்துத் தந்தது. இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"எனக்கு வந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை."

திங்கட்கிழமை தயாநிதி கந்தோருக்குப் போய், தனக்குத் தெரிந்த ஜேர்மனில், தனியாகத்தான் வெட்டினேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை பிராவ் எக்கரின் ஆட்கள் வெள்ளைக் கூடாரமும் அரிதட்டும் தண்ணீர்க் குழாயுமாக வந்து இறங்கினார்கள். கத்தரியைப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். மிளகாய்ப் பாத்தியை அகப்பையால் அள்ளுவதுபோல அள்ளி, அரிதட்டில் கொட்டிக் கழுவினார்கள். தயாநிதி லீவு போட்டுவிட்டு மண் அள்ளிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, தானாக மண்வெட்டியை எடுத்தார். ஜெயமலர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினா.

பிராவ் எக்கர் கோப்பையை வாங்கிக்கொண்டு அவவுக்கு விளங்கப்படுத்தினா. அகழியில் ஒவ்வொரு வருடமும் இலையும் தூசியும் விழுந்து ஒரு மெல்லிய படை படியும். அதன்மேல் அடுத்த வருடத்துப் படை. மேலிருந்து கீழே அதை வாசித்துக்கொண்டு போனால் என்ன பயிர் விளைந்தது, எப்போது நெருப்புப் பிடித்தது, எப்போது சனம் விட்டுப் போனது எல்லாம் தெரியும்.

"இப்போது எல்லா வருடங்களும் உங்கள் கத்தரிக்குக் கீழே கலந்து கிடக்கின்றன," என்றா. "பொருளைப் பொறுக்கலாம். வரிசையை இனி எடுக்க முடியாது."

ஜெயமலர் என் பக்கம் திரும்பினா. "நாங்கள் எருவெண்டு பாத்ததை இவ ஏடெண்டு பாக்கிறா, அண்ணை. ஒராள் முந்தியே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஒரு பிடி தொட்டிருப்பமோ?"

அப்போது அரிதட்டில் ஏதோ தட்டுப்பட்டது. கறுத்த மரத்துண்டு. கழுவியதும் பல் தெரிந்தது. பாதி உடைந்த சீப்பு. ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கப் பல்.

"ஐயோ, பேன்சீப்பு!" ஜெயமலருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தலையைச் சொறிந்து, நகத்தில் நகத்தை வைத்துக் குத்திக் காட்டினா. பிராவ் எக்கரும் சிரித்து, ஆம், பேன்தான், கோட்டையிலும் பேன் இருந்தது என்றா. அந்த நாள் முழுக்க நடந்ததில் அது ஒன்றுதான் நல்லது.

சிரித்து முடியவில்லை, ரூடியின் ரக்ரர் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. மேலே இருந்தபடியே தயாநிதியைப் பார்த்து, உள்ளூர்ப் பாசையைக் குறைத்து, விளங்கும்படி சொன்னார். சண் அண்ணை அவருக்கு ஷான்.

"காணியைக் குத்தகைக்குக் கொடுத்த முதல் நாளே ஷானுக்குச் சொன்னேனே. இதோ இந்த இடத்தில் நின்று கையால் காட்டிச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டி மண்கூட எடுக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட மேடு என்று. உங்களுக்கு அவர் சொல்லவில்லையா? மண் வெட்டப் போவதாக என்னிடம் கேட்கவும் இல்லை."

அரிதட்டுக்காரர்கள் குழாயை நிறுத்திவிட்டார்கள். பிராவ் எக்கர் தயாநிதியிடம் வந்தா. நீங்கள் சொன்னதை மாற்றி எழுத வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டா. ஜெயமலர் தேத்தண்ணிப் போத்தலைக் கையில் பிடித்தபடி புருசனையே பார்த்தா.

தயாநிதி மண்வெட்டியின் பிடியை இரண்டுதரம் உருட்டினார்.

"நான் தனியாகத்தான் வெட்டினேன்," என்றார்.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது ஜெயமலர் சத்தமில்லாமல் சொன்னா: "அந்த மனிசி வாசலைத் திறந்து விட்டவ. நீங்கள் உள்ளுக்க நிண்டு சாத்திப்போட்டீங்கள்."

"வாக்குக் குடுத்திட்டனப்பா. அவருக்கு விசாரணை இன்னும் முடியேல்லை."

"அவர் எங்களுக்கு என்னத்தைக் குடுத்தவர்? தெரிஞ்சுகொண்டு வெட்டு எண்டவர். மற்றவன்ர கையால வெட்டுவிச்சவர்."

பஸ் வந்தது.

தண்டம் போடவில்லை, தெரியாமல் செய்த ஆள் என்று விட்டார்கள். பள்ளத்தை ஆராய்ந்து, மண்ணைக் கழுவி, மூடித் திருத்திய செலவு மட்டும் குளிர்காலத்தில் தயாநிதியின் பெயருக்கு வந்தது. தோட்டத்தை ரூடி திருப்பி எடுத்துக்கொண்டார். சண் அண்ணை வேறு கிராமத்தில் வேறு காணி பிடித்தார், எங்களைக் கூப்பிடவில்லை. விசாரணையில் அவர் நன்றாகப் பதில் சொன்னார் என்று கேள்விப்பட்டோம்.

"ரூடி உங்களுக்குச் சொன்னவனாமே அண்ணை?" என்று தயாநிதி ஒருமுறை கேட்டுவிட்டார்.

"அவன் ஆயிரம் சொல்லுவான். தன்ர காணியைக் காப்பாத்தக் கதைக்கிறான். நீ அந்தக் காசுக்கு யோசியாதை. சிற்றிசன் செலவு ஒண்டு நிக்குது, அது முடியட்டும்."

அது முடிந்தபோது கார் செலவு. கார் முடிந்தபோது ஊரில் வீட்டுக்குக் கூரை. தயாநிதியும் காசு வரும் வரும் என்று காத்திருந்ததில் முதல் தவணைகள் தவறி, பெற்றைபுங் என்று சொல்லுகிற, கடன் கட்டாதவர்களின் பதிவில் பெயர் ஏறிவிட்டது. பி விசாக் கந்தோரில் ஆறுதலாகவும் மரியாதையாகவும் சொன்னார்கள், கடன் தீர்ந்து பெயர் எடுபட்ட பிறகு வாருங்கள் என்று. தயாநிதி சனி ஞாயிறில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கப் போனார். ஜெயமலர் முதியோர் இல்லத்துச் சலவை வேலையோடு இன்னொரு இடத்திலும் படிக்கட்டுத் துடைத்தா. மூட்டுவலிக்குத் தைலம் பூசும் மணம் எங்கள் மாடிப்படி முழுக்க வீசியது.

அடுத்த கோடையில் சண் அண்ணை ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தார். புதுக் காணியில் காய்த்ததாம். அவர் போனதும் ஜெயமலர் பையை மேசையில் கொட்டினா.

"கத்தரிக்காய் கிலோ என்ன விலையப்பா? கேட்டு அதில கழிச்சு விடுவமோ?"

அதைக் கறிவைக்கவில்லை. எனக்குத் தந்தா. நானும் வைக்கவில்லை.

பதினேழாம் வருடம் புரட்டாதியில் பூர்க்லிக்கு விழா எடுத்தார்கள். ஊர்ச் சபையான கெமைண்ட் ஒரு விளக்கப் பலகை நட்டது. அதில் பழைய மரக் கோபுரமும் வேலியும் அகழியும் கீறியிருந்தது. தயாநிதியின் கொம்பனிக்குத்தான் நடைபாதை போடும் வேலை கிடைத்தது. அன்றைக்கும் அவர் வேலைச் சட்டையோடு கயிறு கட்டிக்கொண்டு நின்றார். 'ஊர் விசேசம் ஒண்டிருக்கு, உன்ர கையால சுட்டாத்தான் வடை வடையா இருக்கும்' என்று இராஜேஸ்வரி அக்கா கேட்டு, ஜெயமலர் விடியற்காலையிலிருந்து வடை சுட்டிருந்தா. அந்த விசேசம் பூர்க்லி விழாதான் என்று அங்கே போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. நானும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கண்ணாடிப் பெட்டியில் அந்தச் சீப்பு இருந்தது. ஜெயமலர் கிட்டப் போய்ப் பார்த்தா. "இஞ்ச பாருங்கோ, என்ர மிளகாய்ப் பாத்திச் சீப்பு," என்று எனக்குக் காட்டினா. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தா, அந்த நேரம்வரை.

கெமைண்ட் தலைவர் பேசி முடித்ததும் சண் அண்ணை எழுந்து வந்தார். அந்த வருடம் சிற்றிசன் கிடைத்திருந்தது. பூர்க்லி நண்பர்கள் சங்கத்திலும் சேர்ந்திருந்தார். கோட், சட்டைப்பையில் கன்ரோனின் சின்னம். உள்ளூர் ஜேர்மனில், சிரிப்பும் நிறுத்தமும் வைத்து, அழகாகப் பேசினார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது இங்குள்ள மண்ணின் மதிப்பு எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களில் ஒருவர் தன் அறியாமையால் இந்த மேட்டுக்குத் தீங்கு செய்தார். அவருக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது இது எங்கள் மேடும்தான்.

சனம் கைதட்டியது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்தா. தலைவர் சண் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தயாநிதி கயிற்று முடிச்சைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிய முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிராவ் எக்கர் மட்டும் கைதட்டவில்லை. திரும்பித் தயாநிதியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இல்லத்துச் சலவை அறையில் வருடக்கணக்காக நின்றதில் ஜெயமலருக்கு உள்ளூர்ப் பாசை நன்றாக விளங்கும். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. வடைத் தட்டோடு நேரே சண் அண்ணையிடம் போனா. நான் பின்னால் போனேன்.

"நல்லாக் கதைச்சனீங்கள் அண்ணை."

"நான் பேர் சொல்லேல்லையே தங்கச்சி."

"பேரைச் சொல்லியிருக்கலாம். 'ஒராள்' எண்டீங்கள். அறியாமை எண்டீங்கள். அந்த மேட்டடியில அறிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தானே அண்ணை."

"மெதுவாக் கதை. சனம் பாக்குது."

"காசு?"

"என்ர பிள்ளை யதுஷா பெரிசாகிற வயசு வருது. மண்டபம், நகை எண்டு எவ்வளவு கிடக்கு. உங்களுக்குப் பிள்ளை குட்டியே? ரெண்டு பேரும் உழைக்கிறியள். கொஞ்சம் பொறுக்க ஏலாதோ?"

ஜெயமலரின் கையில் தட்டு ஒருபக்கம் சரிந்தது. நான் பிடித்தேன். சண் அண்ணை அதிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தலைவருக்குக் கொடுத்து, இது எங்கள் வீட்டுப் பலகாரம் என்றார்.

அடுத்த வருடம் மாசிப் பனியில் யோகாம்பாள் ரெலிபோன் எடுத்தா. பாரிஸில் அகதி வழக்குத் தட்டிப்போய், ஒளித்திருந்து களைத்துவிட்டார்களாம். புருசனின் தம்பி காசு கட்டுகிறான், கனடாவுக்கு ஏஜென்சி சரிவந்திருக்கு, இந்தக் கிழமை வெளிக்கிடுகிறோம் என்றாவாம். கீழே என் வீட்டில் இருந்தே கேட்டது, ஜெயமலரின் குரல்.

"அக்கா, இன்னும் ஒரு வருசம். ஒரே ஒரு வருசம் பொறு. கடன் முடியப் போகுது, நான் வந்திடுவன்."

மறுபக்கம் என்ன சொன்னா என்று தெரியாது. பிறகு, "சரி, சரி. குளிருக்குக் கால்மேசு ரெண்டு போடு," என்றா. அதன்பிறகு படியில் இறங்கி வேலைக்குப் போகும் சத்தம்.

ரொறன்ரோவுக்குப் பாசலில் ரெயின் மாற முடியாது.

கடைசித் தவணை பத்தொன்பதாம் வருடம் வைகாசியில் கட்டுப்பட்டது. தயாநிதி தபால் கந்தோரிலிருந்து வந்து படியில் இருந்துவிட்டார். "முடிஞ்சுது ராசா," என்றார். பி விசாவுக்கு அதே மாதம் எழுதிப் போட்டார்கள்.

யதுஷா பெரியபிள்ளையாகி, அந்த ஆவணியில் அவளுக்குச் சாமத்திய வீடு. மண்டபம் எடுத்து, மேடையில் மயில் வைத்துச் சோடித்து, சண் அண்ணை ஊரையே அழைத்திருந்தார். தயாநிதி வீட்டுக்கும் அழைப்பிதழ் வந்தது. நேரில் வரவில்லை, தபாலில் வந்தது.

"போகாமல் விடுவமப்பா," என்றார் தயாநிதி.

"போவம்," என்றா ஜெயமலர். "பிள்ளை என்ன செய்தவள்?"

எங்கள் சனத்தின் விசேசங்களில் ஒரு முறை இருக்கிறது. மேடைக்கு ஏறி, பிள்ளையின் கையில் காசு வைத்த என்வலப்பைக் கொடுத்து, தாய் தகப்பனோடு நின்று படம் எடுத்து இறங்க வேண்டும். இன்றைக்கு நீ எனக்குப் போட்டதை நாளைக்கு உன் பிள்ளையின் விசேசத்தில் நான் திருப்பிப் போடவேண்டும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அது திரும்பி வருவதில்லை. தயாநிதியும் ஜெயமலரும் வந்த நாளிலிருந்து போட்டுக்கொண்டே இருந்தவர்கள்.

வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நான். ஜெயமலர் நீலக் காஞ்சிபுரம் உடுத்திருந்தா. மேடையில் யதுஷாவின் கன்னத்தைத் தடவி, ஒரு மோதிரத்தை விரலில் போட்டுவிட்டா. "இது உனக்கு, குஞ்சு," என்றா. பிறகு கைப்பையிலிருந்து என்வலப்பை எடுத்துச் சண் அண்ணையிடம் நீட்டினா. அது தட்டையாக இருந்தது. வீடியோ லைட் முகத்தில் அடித்தது.

"இது உங்களுக்கு அண்ணை. திறந்து பாக்கத் தேவையில்லை. உள்ளுக்க ஒண்டுமில்லை."

"என்ன தங்கச்சி…"

"நீங்கள் எங்களுக்குத் தரவேண்டிய ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. நாங்கள் முழுக்கக் கட்டி முடிச்சிட்டம். அதை உங்கட பிள்ளையின்ர விசேசத்துக்கு எங்கட பங்கா விட்டிட்டம்."

இராஜேஸ்வரி அக்கா தாலிக்கொடியைச் சரிசெய்வதுபோல குனிந்துகொண்டா. தயாநிதி மனைவியைப் பார்த்தார். அவருக்கும் அது முன்கூட்டியே தெரியாது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு மெல்ல ஒரு அடி நகர்ந்து அவவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சண் அண்ணையின் முகம் சிவக்கும், ஏசுவார், அல்லது மேடையில் எல்லாருக்கும் முன்னால் கூனிப்போவார் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்வலப்பைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெட்டியில் போடாமல் கோட்டின் உள்பைக்குள் வைத்தார்.

"அப்ப கணக்கு முடிஞ்சுதோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. முடிஞ்சுது. காசும் முடிஞ்சுது, அண்ணை தங்கச்சியும் முடிஞ்சுது."

பின்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தோள் இரண்டும் இறங்கி, மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது.

"எல்லாரும் இஞ்ச பாருங்கோ," என்றான் படக்காரன். "ஐயா, கொஞ்சம் சிரியுங்கோ."

சண் அண்ணை சிரித்தார். பூர்க்லியில் பேசும்போது வைத்த சிரிப்பு இல்லை. பாரம் இறக்கிய ஆளின் நல்ல சிரிப்பு.

"இன்னொருக்கா, ஐயா."

அவர் இன்னொருக்காவும் சிரித்தார்.